வடிவு போட்ட காபி

தாராவியில் அந்தச் சந்துக்குள் நுழைந்து சண்முகவடிவு வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். காபிக்காரி வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். காபிக்கடை வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கடையெல்லாம் ஒன்றும் கிடையாது. டிவியில் ஒரே ஒரு நாள் வந்து போனதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரால் அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

வடிவின் அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது, வளர்ந்தது, பேச்சிராஜாவைக் கட்டிக்கொண்டது எல்லாம் தாராவியிலேயேதான். பேச்சிராஜா பெல்ட் தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். பேரில் இருக்கிற பேச்சு வாயில் கிடையாது என்பது வடிவின் நிரந்தரக் குறை. அந்தக் குறையை ஈடுகட்ட அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு, பேச்சு மட்டும் இன்றைக்கும் சுத்தமான திருநெல்வேலி.

காலையில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகிற நடைபாலத்தைக் கடந்தால் மாட்டுங்கா. அங்கே ஒரு பழைய பில்டிங்கின் இரண்டாவது மாடியில் அனந்தகிருஷ்ணன் சாரும் விசாலம் மாமியும். சார் ரிட்டயர் ஆனவர், பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பவர். பிள்ளைகள் வெளியூரில். அந்த வீட்டுக்குள் வடிவு ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பாத்திரம் தேய்க்க மட்டும்தான். அடுப்பங்கரை வாசலைத் தாண்டக் கூடாது. சில வருஷம் கழித்துக் காய் நறுக்கச் சொன்னார்கள். மாமிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதும் அடுப்பும் வடிவு கைக்கு வந்தது. சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் அவள் வைத்தாள். காபியை மட்டும் மாமி விடவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாவது தன் கையால்தான் டிகாஷன் இறக்குவாள்.

ஒரு மழைக்காலத்தில் அதற்கும் முடியாமல் போயிற்று. பித்தளை ஃபில்டரை எடுத்து வடிவு கையில் கொடுத்தாள் மாமி.

"இத்தனை நாள் ஏன் இதை யார் கையிலயும் குடுக்கலை தெரியுமோடி? இந்தக் கசப்புல எவ எதைக் கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது. அதான். உன்னை நம்பிக் குடுக்கறேன், பாத்துக்கோ."

"நல்லா சொன்னீய போங்க" என்று சிரித்தாள் வடிவு. மாமியும் சிரித்தாள். வேடிக்கைப் பேச்சு, அத்தோடு போயிற்று.

ஃபில்டர் கைக்கு வந்ததில் வடிவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணத்தில் தாலி ஏறியபோதுகூட அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை என்று பக்கத்து ஒற்றையறை வீட்டு ஃபர்ஸானா கேலி செய்வாள். வடிவு காபி குடிக்க மாமி வீட்டு ஜன்னல் மேடையில் ஒரு தனி டம்ளர் இருந்தது. அது அவளுக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர்கள் வாய்க்குள் போவது தன் கையால் போட்டதுதானே என்று ஒரு மிதப்பு. செம்பூரிலிருந்து மாமியின் பள்ளிக்கூடத் தோழி ராஜம் மாமி அவ்வப்போது வருவாள். தனியாக இருப்பவள், வாய் ஓயாதவள். "விசாலம், உன் மூஞ்சியைப் பாக்கவா டாக்ஸி பிடிச்சு வரேன்? வடிவு காபிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள்.

ஃபர்ஸானா வீட்டில் இருந்தபடி டிவி நாடகங்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். ஒரு நாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி வடிவு, ஷூட்டிங்குக்கு ஒரு மதராஸி வேலைக்காரி வேணுமாம். வயசானவுகளுக்கு மயக்க மாத்திரை குடுத்துட்டு நகையத் தூக்கிட்டுப் போறவ. நீதான் சரி."

"என் மூஞ்சியப் பாத்தா களவாணி மாதிரியா இருக்கு?"

"இல்லட்டி. களவாணி மாதிரி இல்லாத மூஞ்சிதான் வேணுமாம்."

நடந்த குற்றங்களை நடித்துக் காட்டிவிட்டு, கடைசியில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து எல்லோரையும் உஷாராக இருக்கச் சொல்கிற ஹிந்தி நிகழ்ச்சி அது. கோரேகாவில் ஒரு பங்களாவில் ஷூட்டிங். வடிவுக்கு வசனம் அதிகமில்லை. சாயாவில் மாத்திரையைக் கலக்க வேண்டும், கிழவர் குடிப்பதைக் கதவோரம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கையில் ஒரு கண்ணாடி கிளாஸில் சாயாவைக் கொடுத்தார்கள்.

வடிவு அதை வாங்கிப் பார்த்தாள். மாட்டுங்காவில் நடக்கிற கதை, வீட்டுக்காரர்கள் அய்யர்மார், காலையில் கிளாஸில் சாயாவா? மானம் போகிற காரியம். சும்மா இருந்திருக்கலாம். இருக்கத் தெரிந்தால் அவள் வடிவு இல்லையே.

"சாப், இவங்க வீட்டுல சாயாவே கிடையாது. காபிதான். டிகாஷன்ல கலந்தா கசப்போட கசப்பாப் போயிரும். யாருக்கும் தெரியாது" என்று ஹிந்தியில் எடுத்துவிட்டாள்.

டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவன் எழுந்து நின்றான். "க்யா பாத் ஹை, மௌசி!" என்று அவளைச் சித்தி முறை வைத்துப் பாராட்டிக் கையைத் தட்டினான். உடனே ஆள் போய் ஃபில்டர் வாங்கி வந்தது. பொடி போட்டு அமுக்குவது, வெந்நீர் விடுவது, மூடியைத் தட்டிப் பார்ப்பது, ஆற்றுவது என்று எல்லாம் வடிவு சொல்லச் சொல்லத்தான் எடுத்தார்கள். கேமரா அவள் கையைவிட்டு நகரவில்லை. சாயங்காலம் லோக்கல் ரயிலில் திரும்பி வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிகழ்ச்சி வந்த அன்றைக்குச் சந்தே ஃபர்ஸானா வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பேச்சிராஜா வாயைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். அவனுக்கு அது ஒரு சொற்பொழிவு. மறுநாள் மாட்டுங்காவில் விசாலம் மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அச்சு அசல் நம்மாத்துல பண்ற மாதிரியே பண்றயேடி! ராஜம் அப்பவே ஃபோன் பண்ணிட்டா." சார் டம்ளரை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"வடிவு, மாத்திரை போட்டாச்சா?"

"ஒண்ணு கூடவே போட்டிருக்கேன் சார். தைரியமாக் குடிங்க."

அன்றிலிருந்து இது தினப்படி வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் இல்லாமல் சாருக்குக் காபி உள்ளே இறங்காது.

நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியை இறக்கலாமா என்று மாமி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் செம்பூரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ராஜம் மாமி வீட்டுக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. மாமி நாற்காலியில் சாய்ந்தபடி நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். பக்கத்தில் காபி டம்ளர். பீரோ துடைத்து வைத்தாற்போல் காலி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண் டோம்பிவிலியில் அக்கா வீட்டில் பிடிபட்டாள். போலீஸ் கேட்டதற்கு அவள் எதையும் மறைக்கவில்லை. டிவியில் பார்த்தேன், அதே மாதிரி டிகாஷனில் கலந்தேன் என்று சொல்லிவிட்டாள். ராஜம் மாமி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

செய்திச் சேனல்கள் சும்மா இருக்குமா? நிகழ்ச்சியிலிருந்து வடிவு ஃபில்டரோடு நிற்கிற காட்சியை எடுத்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி, நடிப்பு என்கிற விவரம் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோய், இந்தப் பெண் உங்கள் பில்டிங்குக்கு வந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு வரி வந்து சேர்ந்துகொண்டது. எப்போதும் சிரிக்கிற வாட்ச்மேன் பையைத் திறந்து காட்டச் சொன்னான். லிஃப்டுக்குள் இருந்த பெண்மணி இவளைக் கண்டதும் வெளியே வந்து படியில் ஏறினாள். கீழ்த்தளத்தில் வடிவு காய் நறுக்கிக் கொடுக்கும் வீட்டில், நாத்தனார் வந்திருக்கிறாள், கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார்கள். அந்த நாத்தனாரை இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இதையெல்லாம் வடிவு தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது விசாலம் மாமி வீட்டு அடுப்பங்கரையில்தான். அவள் போனபோது டிகாஷன் ஏற்கெனவே இறங்கியிருந்தது. பித்தளை ஃபில்டர் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாமியே நின்று பாலைக் கலந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சார் டம்ளரை வாங்கிக்கொண்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார் என்று வடிவு கதவோரம் நின்று பார்த்தாள். கேட்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சாதம் வடிக்கலாம், குழம்பு வைக்கலாம், காபி மட்டும் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் கையால் போட்ட காபியை யாராவது பழையபடி குடிக்க வேண்டும். அது நடக்குமா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

"நீயா மாத்திர போட்ட? நடிக்கத்தானே செஞ்ச" என்றான் பேச்சிராஜா.

"செய்யணும்னு நெனைக்கிறவ எதப் பாத்தாலும் செய்வாட்டி. டென்ஷன் ஆவாத" என்றாள் ஃபர்ஸானா.

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குப் புரியல. அவுக எழுதி வச்சிருந்தது சாயா. சாயாவாவே இருந்திருந்தா அந்தச் சிறுக்கியும் சாயாலதான் கலந்திருப்பா. ராஜம் மாமி சாயாவத் தொடவே மாட்டாவ. தப்பிச்சிருப்பாவ. காபின்னு எடுத்துக் குடுத்தது நான்லா? பெரிய இவ மாதிரி வாயத் தொறந்தேம்லா?"

ஃபர்ஸானா எழுந்து தையல் மிஷினுக்குப் போனாள்.

மாமியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள் வடிவு. சொன்னால் இருக்கிற வேலையும் போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். மறுநாள் சாதத்தை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாமி எதிரில் போய் நின்றாள். ஷூட்டிங்கில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்தக் காபி யோசன என்னோடது மாமி. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் சொன்னேன். நீங்க நிப்பாட்டணும்னா நிப்பாட்டிருங்க."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதை உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

"நான் சொன்னேன். ஃபில்டரை உன் கையில குடுத்தப்போ. கசப்புல எதைக் கலந்தாலும் தெரியாதுன்னு. மறந்துட்டயா?"

வடிவுக்கு அந்த மழைக்காலக் காலை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை நாளும் தன் மூளை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது மாமியின் வாய்!

"டிவியில நீ அதைப் பண்றச்சேயே எனக்குத் தெரிஞ்சுடுத்து" என்றாள் மாமி. "நம்ம வார்த்தைன்னு பெருமையாக்கூட இருந்தது. இப்போ ராஜத்தை ஆஸ்பத்திரியில அந்தக் கோலத்துல பாத்துட்டு வந்தப்புறம், அந்த ஃபில்டரை உன் கையில பாக்க எனக்கு முடியலைடி. உன்னைச் சந்தேகப்பட்டுன்னு நெனச்சயா?"

"பின்ன வேற என்னன்னு நெனைக்க?" வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? சார் பேப்பருக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடுதாவ. நீங்க நிக்க முடியாம நின்னு காபி போடுதீய. நான் இந்த வீட்டுல செத்துல்லா கெடந்தேன் இத்தன நாளா!"

மாமியின் முகம் சுருங்கிப் போயிற்று. "பொய் சொல்லப்படாது. முதல் நாள் கொஞ்சம் பயந்தேன்தான். ஒரே ஒரு நாள்."

அந்த ஒரு நாளை ஒப்புக்கொண்டதில் வடிவுக்கு ஏனோ கோபம் தணிந்தது. கூடத்தில் சார் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

மாமி சுவரைப் பிடித்து எழுந்தாள். "ராஜம் ஆத்துக்கு வந்துட்டா. ஆனா காபி குடிக்க மாட்டேங்கறா. யார் கையாலயும் மாட்டாளாம். தானே போட்டுக்கவும் மாட்டாளாம். அட்டைப்பெட்டி ஜூஸைக் குடிச்சுண்டு உக்காந்திருக்கா. அந்த மேல் அலமாரியிலேர்ந்து ஃபில்டரை எடு. பொடியையும் எடுத்துக்கோ."

"என் மூஞ்சியப் பாத்தா அவுகளுக்கு எப்படி மாமி இருக்கும்?"

"தெரியாது. வா."

டாக்ஸியில் செம்பூர் போய்ச் சேரும் வரைக்கும் வடிவு ஃபில்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ராஜம் மாமி கதவுச் சங்கிலியைப் போட்டபடியே இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஓயாத வாய் ஓய்ந்திருந்தது. விசாலம் மாமியைக் கண்டதும் மலர்ந்த முகம், பின்னால் வடிவைக் கண்டதும் மாறிற்று.

"இவளை எதுக்கு அழைச்சுண்டு வந்தே?"

வடிவு படியிறங்கத் திரும்பிவிட்டாள். விசாலம் மாமி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். ராஜம் மாமி சங்கிலியை எடுத்தாள். உள்ளே போனதும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சாயாவைக் காபியாக்கினது நான் என்றாள் வடிவு. அந்த வித்தையைச் சொன்னது நான் என்றாள் விசாலம் மாமி. ராஜம் மாமி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு டிவியில இவ வந்தாளோன்னோ, நான்தான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு என் பக்கத்துலயே உக்கார வெச்சேன். இவளை எனக்குத் தெரியும், இவ டிகாஷன் இறக்கற அழகைப் பாரு, இதே மாதிரி நீயும் போடுன்னேன். போட்டுட்டா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாயைத் திறந்தது வடிவுதான்.

"களவாண்டது அவ. பங்கு பிரிக்கது நாம மூணு பேருமா?"

ராஜம் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. விசாலம் மாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "காபி போடச் சொல்லட்டுமா?" என்றாள். ராஜம் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வடிவு கேட்காமலே எல்லாவற்றையும் கூடத்து மேஜைக்குக் கொண்டு வந்தாள். பால், வெந்நீர், சர்க்கரை, ஃபில்டர். ராஜம் மாமி கண் முன்னாலேயே பொடியைப் போட்டு அமுக்கினாள், வெந்நீர் விட்டாள், இறங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கலந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். தனக்கென்று தனி டம்ளரைத் தேடவில்லை, யாரும் தேடச் சொல்லவும் இல்லை.

"நான் முதல்ல குடிக்கேன் மாமி. கொஞ்ச நேரம் பாருங்க. பொறவு நீங்க குடிச்சாப் போதும்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு ராஜம் மாமி எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ராஜம் மாமி அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாலம் மாமி கொலுவைப் பற்றி என்னவோ பேசினாள். யாரும் சரியாகக் காது கொடுக்கவில்லை. மேஜை மேலிருந்த டம்ளரில் ஆவி அடங்கி ஆடை படிந்தது. வடிவு கண்ணை மூடவில்லை. மூடினால் தப்பாகிவிடும் என்று இமைக்கக்கூட யோசித்தாள்.

கடைசியில் ராஜம் மாமி கையை நீட்டி டம்ளரைத் தொட்டாள்.

"ஆறி அவலாப் போயிடுத்து."

"சூடு பண்ணித் தாரேன் மாமி."

"சூடு பண்ணின காபியை மனுஷா குடிப்பாளா? கொட்டு அதை." குரலில் பழைய ராஜம் மாமி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "அந்த டிகாஷனும் வேண்டாம். உள்ள போய்ப் புதுசா இறக்கிக் கொண்டா."

வடிவு விசாலம் மாமியைப் பார்த்தாள். விசாலம் மாமி ராஜம் மாமியைப் பார்த்தாள். ராஜம் மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வடிவு ஃபில்டரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வீட்டு அடுப்பங்கரை நடை தாண்டிக் கோடியில் இருந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் உள்ளே நிற்கிற ஆள் தெரியாது. வடிவு தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, யாராவது பின்னாலேயே எழுந்து வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலி நகரும் சத்தமோ நடையில் காலடியோ கேட்கவில்லை. தண்ணீர் கொதித்தது. பொடியைப் போட்டு அமுக்கும்போது கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"வடிவு!" என்று கூடத்திலிருந்து ராஜம் மாமியின் குரல் வந்தது. "சக்கரை கொஞ்சமாப் போடு, கேட்டயா?"